பிட்காயின், ஈதர், லைட்காயின், எக்ஸ்ஆர்பி, சொலானா: பயன்படும் நாணயமும் விலையேறும் நாணயமும் ஒன்றுதானா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

என் தங்கை மகன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் அவன் ஐந்து கிரிப்டோ நாணயங்களின் பெயர்களை எழுதி அனுப்பி, "மாமா, இவற்றில் எது நீண்ட காலம் நிற்கும்?" என்று கேட்டான். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று விளங்கியது. இத்தனை ஆண்டுகளாக நான் படித்துவந்தவை எல்லாம் வேகம், கட்டணம், மொத்த எண்ணிக்கை என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணைகளே. அவற்றை வைத்துக்கொண்டு அவனுடைய கேள்விக்கு ஒரு வரிகூட நேர்மையாக எழுத முடியாது.

லைட்காயினை எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபரில் சார்லி லீ வெளியிட்ட இந்த நாணயம், பிட்காயினின் நிரலைச் சிறிது மாற்றி உருவாக்கப்பட்டது. அதில் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) என்றால் இதில் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. அதில் மொத்தம் 2.1 கோடி நாணயங்கள் என்றால் இதில் 8.4 கோடி. கட்டணமும் மிகக் குறைவு. ஒரு பிளாக்கில் கூடுதல் பரிவர்த்தனைகளுக்கு இடமளிக்கும் செக்விட் என்னும் மேம்பாட்டை 2017 மே மாதத்திலேயே, பிட்காயினுக்கு மூன்று மாதம் முன்னதாகவே, ஏற்றுக்கொண்டது. பணம் செலுத்தும் கருவியாக மட்டும் பார்த்தால் அட்டவணையின் எல்லாப் பத்திகளிலும் இதுவே முந்தி நிற்கும். ஆனாலும் பிட்காயினோடு ஒப்பிடும்போது அதன் மதிப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்தே வந்திருக்கிறது. அதை உருவாக்கியவரும், தம் பேச்சுக்கும் தம் இருப்புக்கும் இடையே முரண் எழக் கூடாது என்று சொல்லி, 2017 டிசம்பரில் தம்மிடமிருந்த லைட்காயின்களை விற்றும் நன்கொடையாக அளித்தும் தீர்த்துவிட்டார்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்று நினைக்கிறேன். இந்த வலைப்பின்னல் நாளைக்கு இல்லாமல் போனால் யாருடைய வேலை நின்றுபோகும்? அந்த வேலை நடப்பதால் நாணயத்தை வாங்கி வைத்திருப்பவருக்கு என்ன வந்து சேரும்? இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் விவாதங்கள் விலைக்கணிப்பில் போய் முடிகின்றன. உறுப்பினர்கள் தாங்கள் நேரடியாக அறிந்த நாணயத்தைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றாயிருக்கும்.

நிரல்மொழி

நான் நான்கு ஆண்டுகளாக, ஈதர் நாணயத்தின் வலைப்பின்னலான எத்தேரியத்தில் நிரல் எழுதி வருகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளும் எப்படி ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பக்கூடும் என்பதற்கு எத்தேரியத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் கட்டண முறை மாற்றப்பட்டது. அதுமுதல் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் அடிப்படைக் கட்டணம் யாருக்கும் போய்ச் சேராமல் எரிக்கப்படுகிறது. பின்னர் 2022 செப்டம்பர் 15 அன்று கணினிகளின் போட்டிக் கணக்கீட்டால் வலைப்பின்னலைக் காக்கும் மைனிங் முறையே கைவிடப்பட்டு, ஈதரைப் பிணையாக வைக்கும் ஸ்டேக்கிங் முறைக்கு வலைப்பின்னல் முழுவதும் மாறியது. மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததோடு, புதிதாக வெளியிடப்படும் ஈதரின் அளவும் வெகுவாகக் குறைந்தது. எரிக்கப்படுவது அதிகம், பிறப்பது குறைவு என்ற நிலை வந்ததால் மொத்த எண்ணிக்கையே சுருங்கத் தொடங்கியது. பயன்பாடு பெருகப் பெருக வைத்திருப்பவருக்கும் நன்மை என்ற வாதம் அந்த ஓராண்டு காலத்தில் எண்களாலேயே மெய்ப்பிக்கப்பட்டது போலத் தோன்றியது. நானும் அதை முழுமையாக நம்பினேன்.

ஆனால் அதே காலத்தில் சாதாரணப் பயனாளர் ஒரு டோக்கனை (எத்தேரியத்தின்மேல் உருவாக்கப்படும் துணை நாணயத்தை) மாற்றுவதற்கே பல டாலர்கள் செலுத்த வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்கு வலைப்பின்னல்கள் வளர்ந்தன. அவை தம் தரவை முதல் அடுக்கான எத்தேரியத்தில் மலிவாகப் பதிய 2024 மார்ச் 13 அன்று வந்த டென்கூன் மேம்பாடு தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. இரண்டாம் அடுக்கில் கட்டணம் சில காசுகளாக இறங்கியது. நிரலாளராக நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் கட்டணம் குறைந்தால் எரிவதும் குறையும் அல்லவா? ஈதரின் மொத்த எண்ணிக்கை மறுபடியும் கூடத் தொடங்கியது. வலைப்பின்னல் முன்பைவிட மிகுதியாகப் பயன்பட்ட அதே மாதங்களில், நாணயத்தின் பொருளாதாரம் வைத்திருப்பவருக்குச் சாதகம் குறைந்ததாக மாறியது.

உங்கள் முதற்கேள்விக்கு எத்தேரியத்தின் பதில் வலுவானது. ஸ்டேபிள்காயின்கள் (டாலர் போன்ற பணத்துக்கு இணையாக மதிப்பு நிறுத்தப்படும் நாணயங்கள்), கடன் ஒப்பந்தங்கள், டோக்கன் பரிமாற்றங்கள் என அதன்மேல் ஓடும் வேலை நின்றால் பலருடைய தொழில் நிற்கும். இரண்டாம் கேள்விக்கான பதில், மேம்பாடுகளைத் தீர்மானிக்கும் நிரலாளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கிறது.

கடலோடி

நான் ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எக்ஸ்ஆர்பி பற்றி எழுதத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால், அது யாருக்காக உருவாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் அந்த மனிதன் நான்தான்.

திர்ஹம் எக்ஸ்ஆர்பியாக மாறும், சில நொடிகளில் எல்லை கடக்கும், மறுமுனையில் ரூபாயாக மாறும் என்பது அதன் கருத்து. தொழில்நுட்ப அளவில் இது உண்மையே. மூன்று முதல் ஐந்து நொடிகளில் கணக்கு முடிகிறது. ஆனால் நான் இங்குள்ள பண மாற்று நிலையத்தில் இருபது திர்ஹம் அளவிலான கட்டணம் கொடுத்து அனுப்பும் தொகை, பெரும்பாலும் அன்றைக்கே அம்மாவின் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து அவர் யுபிஐ வழியாக மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் கட்டணமின்றிச் செலுத்துகிறார். இந்தப் பாதையில் எக்ஸ்ஆர்பி எனக்கு மிச்சப்படுத்தித் தருவது என்ன என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தொகைக்கு ஒன்றும் தேறவில்லை.

தொடங்கியவரின் இரண்டாம் கேள்வியையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். பாலமாகப் பயன்படும் நாணயத்தை யாரும் சில நொடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரே நாணயம் ஒரு நாளில் பல ஆயிரம் முறை கை மாறலாம். ஆகவே எக்ஸ்ஆர்பி வழியாக எவ்வளவு பெரிய தொகை பாய்ந்தாலும், அதை வாங்கி அடுக்கிவைப்பதற்கான தேவை அதே அளவில் கூடுவதில்லை. தொடக்கத்திலேயே உருவாக்கப்பட்ட 10,000 கோடி எக்ஸ்ஆர்பியில் 5,500 கோடியை, அதைப் பெருமளவில் வைத்திருந்த ரிப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் பூட்டிவைத்து, மாதம் 100 கோடி வரை விடுவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், பொதுமக்களுக்குப் பரிமாற்ற மையங்கள் வழியாக நடந்த விற்பனை பங்குப் பத்திர விற்பனையாகாது என்று 2023 ஜூலையில் நீதிபதி அனலிசா டோரஸ் தீர்ப்பளித்தபோது விலை துள்ளியது. சட்டத் தடை விலகியது நல்லதுதான்; ஆனால் தடை விலகியதால் மட்டும் பயன் பிறந்துவிடாது. 2024 டிசம்பரில் அதே ரிப்பிள் நிறுவனம் டாலருக்கு இணையான ஆர்எல்யுஎஸ்டி என்னும் ஸ்டேபிள்காயினை வெளியிட்டது. பணம் அனுப்புகிறவர்கள் ஏறி இறங்கும் நாணயத்தைவிட நிலையான டாலரையே விரும்புகிறார்கள் என்பதை அந்நிறுவனமே உணர்ந்துகொண்டதாக நான் இதைப் படிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவம் என் அறைத் தோழருடையது. அவர் லாகோஸைச் சேர்ந்தவர். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவின் மாற்று விகிதம் தளர்த்தப்பட்டதும் அதன் மதிப்பு சரிந்தது. அவர் குடும்பம் நைராவில் சேமித்தது கண்ணெதிரே கரைந்தது. அவர் இப்போது டிரான் என்னும் வலைப்பின்னல் வழியாக டெதர் என்னும் டாலர் ஸ்டேபிள்காயினை அனுப்புகிறார். ஊரில் அவருடைய அக்கா தேவைப்படும்போது மட்டும் நைராவாக மாற்றிக்கொள்கிறார். அவர்களுக்கு அது அன்றாடத் தேவை. உங்கள் மருமகன் எழுதிய ஐந்து பெயர்களில் ஒன்றுகூட அந்த வேலையைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிரல்மொழி

கடலோடி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டெதர் 2014இல் பிட்காயினின் மேல் அமைந்த ஆம்னி என்னும் அடுக்கில் தொடங்கியது. பிறகு எத்தேரியத்துக்கும், கட்டணம் கூடியபோது டிரானுக்கும் பெருமளவில் இடம்பெயர்ந்தது. மக்களுக்கு வேண்டியது டாலர். அது எந்தச் சாலையில் வருகிறது என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. இந்தப் பயன்பாட்டின் வருவாய் எங்கே சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். வெளியீட்டு நிறுவனம் பெற்ற டாலர்களை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் இட்டு வட்டியைத் தானே வைத்துக்கொள்கிறது. நாணயத்தை வைத்திருப்பவருக்கு அதில் பங்கில்லை. கிரிப்டோ உலகில் மிகப் பயனுள்ள பொருள், வாங்கி வைத்தால் ஒரு காசும் ஏறாத பொருளாக இருக்கிறது.

அது ஆபத்தற்றது என்றும் சொல்லமாட்டேன். யுஎஸ்டிசி என்னும் இன்னொரு டாலர் ஸ்டேபிள்காயினின் இருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கியதாக 2023 மார்ச்சில் செய்தி வந்தபோது, ஒரு டாலராக இருக்க வேண்டியது 90 சென்டுக்கும் கீழே இறங்கி, வைப்புத்தொகைக்கு அரசு உறுதியளித்த பிறகே மீண்டது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், உண்மையான டாலர் இருப்பின்றி நிரல் விதிகளையே நம்பியிருந்த டெரா டாலர் சில நாள்களில் முற்றிலும் சரிந்தது. மேலும், டெதரையும் யுஎஸ்டிசியையும் வெளியிடுபவர்கள் எவருடைய கிரிப்டோ முகவரியையும் முடக்க வல்லவர்கள்.

கணக்கர்

வருமான வரிக் கணக்குகளைத் தயாரிப்பது என் தொழில். இந்தியாவில் வசிப்பவர் இந்த நாணயங்களை ஒப்பிடும்போது, வரிச்சட்டம் ஒப்பீட்டையே மாற்றிவிடுகிறது என்பதை இங்கே யாரும் குறிப்பிடவில்லை.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் செஸ் வரியும் உண்டு. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. இவை பலரும் அறிந்தவை. நடைமுறையில் மிகுந்த வலியைத் தருவது மூன்றாவது விதி: ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. ஒருவருக்குப் பிட்காயினில் ஒரு லட்சம் ஆதாயமும் சொலானாவில் ஒரு லட்சம் நட்டமும் வந்திருந்தால் அவர் கையில் வந்தது ஒன்றுமில்லை. ஆனால் 31,200 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் "ஐந்தில் பிரித்துப் போட்டால் ஆபத்துக் குறையும்" என்று நம்பி வருகிறார்கள். பங்குகளுக்குப் பொருந்தும் அந்த அறிவுரை இங்கே பொருந்தாது. பிரித்துப் போடுவதற்கே இங்கு தண்டனை இருக்கிறது.

ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவதும், நாணயத்தைக் கொடுத்துப் பொருள் வாங்குவதும் சட்டத்தின் பார்வையில் கைமாற்றமே. லைட்காயினில் தேநீர் வாங்கினாலும் வாங்கிய விலை, விற்ற விலை என்று கணக்கு எழுத வேண்டும். ஆகவே, செலுத்தும் கருவி என்ற வகையில் இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வி நம் நாட்டில் இன்றைக்கு நடைமுறைப் பொருள் இழந்த கேள்வி.

நெல்மணி

நான் 2017 முதல் பிட்காயின் மட்டுமே வைத்திருக்கிறேன். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே என் கருத்தை எழுதுகிறேன்.

"யாருடைய வேலை நின்றுபோகும்" என்ற அளவுகோல் பிட்காயினுக்கு நியாயம் செய்யவில்லை. நம் வீடுகளில் பீரோவுக்குள் இருக்கும் தங்கம் நாள்தோறும் ஒரு வேலையும் செய்வதில்லை. யாராலும் கூடுதலாக அச்சடிக்க முடியாத ஒன்று கையில் இருக்கிறது என்பதே அதன் வேலை. எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, அரசின் வாலட்டை (நாணயத்தைக் கையாளும் செயலியை) நிறுவியவர்களுக்கு 30 டாலர் ஊக்கத்தொகையும் கொடுத்தது. மக்கள் பெரும்பாலும் ஊக்கத்தொகையைச் செலவழித்துவிட்டு டாலருக்கே திரும்பினார்கள். 2025 ஜனவரியில், பன்னாட்டு நாணய நிதியத்துடனான கடன் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, கட்டாயமாக ஏற்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. செலவழிக்கும் பணமாகப் பிட்காயின் அங்கே தோற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நொடிக்கு ஏழு பரிவர்த்தனை அளவுக்கே இடமுள்ள வலைப்பின்னலிடம் ஒரு நாட்டின் கடைத்தெருவை ஒப்படைத்தது தவறான சோதனை என்பதும் என் கருத்து.

நான் மதிப்பது வேறொன்று. 2017இல் பெரிய மைனிங் கூட்டமைப்புகளும் பல நிறுவனங்களும் ஒன்றுகூடி, பிளாக்கின் கொள்ளளவை இரட்டிப்பாக்குவதென்று உடன்பாடு செய்துகொண்டன. தம் கணினிகளில் நோடு (விதிகளைச் சரிபார்க்கும் நிரல்) இயக்கிய சாதாரணப் பயனாளர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. பெரிய பிளாக்குகளை விரும்பியவர்கள் ஆகஸ்டிலேயே பிட்காயின் கேஷ் என்று பிரிந்துபோனார்கள். மலிவான கட்டணம் கிடைத்தது, கூட்டம் வரவில்லை. எத்தேரியத்தில் 2016 ஜூனில் டிஏஓ என்னும் கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் களவு போனபோது, அடுத்த மாதமே விதியை மாற்றிச் சங்கிலியின் கணக்கிருப்பைத் திருத்தி மீட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது நீதிதான். ஆனால் ஒருமுறை நல்ல காரணத்துக்காகத் திருத்த முடிந்த ஏட்டை, இன்னொரு முறை வேறு காரணத்துக்காகவும் திருத்த முடியும் என்ற அச்சம் எனக்கு இன்றுவரை நீங்கவில்லை. இருபது ஆண்டுக்கு ஒரு பொருளை வைத்திருக்க நினைப்பவருக்கு, விதிகள் மாறா என்ற உறுதியைவிடப் பெரிய பயன் இல்லை.

வைகைக்கரை

நெல்மணி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். வைத்திருத்தலும் ஒரு பயன்பாடே. ஆனால் அந்தப் பயனுக்கும் ஒரு செலவு உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் என் கவலை.

2024 ஏப்ரலில் நடந்த ஹால்விங்கிற்கு (புதிய நாணயப் பிறப்பு பாதியாகும் நிகழ்வுக்கு)ப் பிறகு ஒவ்வொரு பிளாக்குக்கும் 3.125 பிட்காயின் புதிதாகப் பிறக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 450. வலைப்பின்னலைக் காக்கும் மைனர்களுக்குக் கிடைக்கும் கூலியின் பெரும்பகுதி அதுதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகிக்கொண்டே போகும். 2036 வாக்கில் 0.39 அளவுக்கு வந்துவிடும். அதன்பின் காவல் கூலியைப் பரிவர்த்தனைக் கட்டணம்தான் தாங்க வேண்டும். எல்லாரும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு யாருமே அனுப்பாவிட்டால் கட்டணம் எங்கிருந்து வரும்? ஹால்விங் நடந்த அந்த ஒரு பிளாக்கில் மட்டும் கட்டணம் 37 பிட்காயினைத் தாண்டியது உண்மை. ஆனால் அது ரூன்ஸ் என்னும் புதிய டோக்கன்களுக்காக நடந்த ஒரு நாள் நெரிசல். சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது.

மொனேரோ என்னும் நாணயம் இந்தச் சிக்கலை நேர்மையாகச் சந்தித்தது என்பது என் கருத்து. 2022 ஜூன் முதல் அதில் ஒவ்வொரு பிளாக்குக்கும் 0.6 மொனேரோ என்றென்றைக்கும் பிறந்துகொண்டிருக்கும். டோஜ்காயினிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி புதிய நாணயங்கள் எல்லையின்றி வருகின்றன. பற்றாக்குறையைப் பெருமையாகப் பேசுவோர் இதைக் குறையாகவே பார்ப்பார்கள். காவலுக்குக் கூலி தொடர்ந்து கிடைக்கும் என்ற கோணத்தில் பார்த்தால் இது குறையன்று. தற்செயலாக, லைட்காயினும் டோஜ்காயினும் 2014 முதல் ஒரே கணினிகளால் ஒருங்கே மைனிங் செய்யப்படுவதால், லைட்காயினின் பாதுகாப்பே ஓரளவு டோஜ்காயினின் விலையைச் சார்ந்து நிற்கிறது. எந்த அட்டவணையிலும் இந்தச் சார்பு இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

தாமரைக்குளம்

சொலானாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்லூரி நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேகமும் இருக்கிறது, கட்டணமும் சில பைசா அளவில்தான். பிறகு தயக்கம் எதற்கு?

நிரல்மொழி

தயக்கம் அதன் வேகத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையில் இருக்கிறது. நொடிக்கும் குறைவான நேரத்தில் பிளாக் உருவாக வேண்டுமென்றால் வேலிடேட்டர்கள் (பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர்கள்) விலையுயர்ந்த கணினிகளையும் கனமான இணைய இணைப்பையும் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு பழைய கணினியில் இயக்க முடியாது. 2021 செப்டம்பர் 14 அன்று தானியங்கி நிரல்களின் வெள்ளத்தில் வலைப்பின்னல் ஏறத்தாழ 17 மணி நேரம் நின்றது. 2024 பிப்ரவரி 6 அன்றும் ஏறத்தாழ 5 மணி நேரம் நின்றது. வேலிடேட்டர்கள் தமக்குள் பேசி ஒரே நேரத்தில் மறுதொடக்கம் செய்தார்கள். பேசி மறுதொடக்கம் செய்ய முடிகிற அளவுக்கு அது சிறிய வட்டம் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் அதை நான் குறைத்து எண்ணவில்லை. அதன் பெரிய ஆதரவாளராக இருந்த எஃப்டிஎக்ஸ் என்னும் பரிமாற்ற மையம் 2022 நவம்பரில் திவாலானபோது, அடுத்த மாதமே சொலானா 10 டாலருக்கும் கீழே விழுந்தது. பலர் அதை முடிந்த கதை என்று எழுதினார்கள். நிரலாளர்கள் விலகவில்லை, 2023 செப்டம்பரில் விசா நிறுவனம் யுஎஸ்டிசி கணக்குத் தீர்ப்பை அதில் விரிவுபடுத்தியது. அத்தகைய வீழ்ச்சிக்குப் பிறகும் எழுந்து நிற்பது ஒரு வலைப்பின்னலின் ஆயுளைப் பற்றி ஏதோ சொல்கிறது. என் ஐயம், அதன் கட்டண வருவாயில் பெரும்பங்கு வேடிக்கைக்காக வெளியிடப்படும் மீம் நாணயங்களின் சூதாட்டத்திலிருந்து வருவதில் இருக்கிறது. 2025 ஜனவரியில் டிரம்ப் பெயரிலான நாணயம் வெளிவந்த நாள்களில் அந்த வருவாய் உச்சத்துக்குப் போயிற்று, பின்பு இறங்கியது. கூட்டம் கலைந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளாவது பார்க்க வேண்டும்.

கணக்கர்

எந்த நாணயம் என்பதற்கு முன்னால், எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் உண்டு. 2024 ஜூலையில் இந்தியப் பரிமாற்ற மையம் ஒன்றிலிருந்து எத்தேரியம் சார்ந்த டோக்கன்கள் பெருந்தொகைக்குக் களவு போயின. முதலீட்டாளர் ஒருவர் அங்கே வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி; களவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அவர் கணக்கும் முடங்கியது. கிரிப்டோ நாணயம் என்பது சொத்து, அதை உரிமையுடன் அனுபவிக்கவும் பிறர் பொறுப்பில் வைக்கவும் முடியும் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவருக்குச் சாதகமாக இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். களவு போகாத நாணயத்தை வைத்திருந்தும் அது மையத்தின் பொது இருப்பில் இருந்ததால் அவர் ஓராண்டுக்கும் மேல் தவித்தார் என்பதைத் தங்கள் மருமகனுக்கு மறக்காமல் எழுதுங்கள்.

வைகைக்கரை

நேற்றிரவு அவனுக்குப் பதில் எழுதிவிட்டேன். அவசரச் செலவுக்கான ஆறு மாதச் சம்பளத்தை வங்கியில் சேர்த்து முடிக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம் என்று முதலில் எழுதினேன். அதன்பின் வாங்கினால், முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு, ஒன்றே ஒன்றை, தன் சொந்த வாலட்டில் வாங்கச் சொன்னேன். மாறாத விதிகள்தான் வேண்டுமென்றால் பிட்காயின்; வேலை நடக்கும் தளத்தில் பங்கு வேண்டுமென்றால், டென்கூனுக்குப் பின் நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு ஈதர். லைட்காயினையும் எக்ஸ்ஆர்பியையும் அவன் பட்டியலிலிருந்து நீக்கினேன். சொலானாவைப் பயன்படுத்திப் பார்க்கலாம், இப்போதைக்குச் சேர்த்து வைக்க வேண்டாம் என்றேன். கடலோடி அவர்களின் தோழர் கதையை முழுமையாக எழுதியனுப்பினேன்; அவன் திரும்பக் கேட்டதும் அதைப் பற்றித்தான்.

நெல்மணி

காவல் கூலி குறித்துத் தாங்கள் எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு நிறைவான மறுமொழி கிடைக்கவில்லை. 2028இல் அடுத்த ஹால்விங் வரும்போது கூலி 1.5625 ஆகக் குறையும். அதற்கு முந்தைய ஓராண்டில் ஒவ்வொரு பிளாக்கிலும் கட்டணத்தின் பங்கு எவ்வளவு என்று மாதந்தோறும் குறித்துவைக்கப் போகிறேன். அந்தக் கணக்கை இதே இழையில் பதிகிறேன்.